முன் கண்ணாடியில் நின்ற வெள்ளை

காரின் முன் கண்ணாடியில் கண்கூச்சம் அடிக்கிறது, அதைக் குறைக்க என்ன செய்யலாம் என்று என்னிடம் யாராவது கேட்டால், பதினான்கு கையெழுத்து வாங்குங்கள் என்பேன். நான் கேலி செய்வதாக என் மருமகன் நினைக்கிறார். சொந்தக் கார் வைத்திருப்பவர் அவர். கையெழுத்து இல்லாமலே ஒரு பொருளை ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு நகர்த்தலாம் என்ற சுதந்திரத்தில் வளர்ந்தவர். நானோ புதுச்சேரியில் ஓர் அரசு அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவன். விதிப்புத்தகத்தில் எந்தப் பக்கத்தில் எந்த அடிக்குறிப்பு இருக்கிறது என்று இன்றைக்குக் கேட்டாலும் சொல்வேன். அந்தக் கூச்சம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க மட்டும் எனக்கு மூன்று மாதம் பிடித்தது. அதற்குள் நல்ல கண்ணுள்ள ஒரு மனிதரைப் பாதிக் குருடராக்கி விட்டேன்.

எழுபதுகளின் பிற்பாதி அது. எங்கள் அலுவலகத்துக்கு ஒரே ஒரு கார், அதற்கு ஒரே ஒரு டிரைவர். குருசுக்குப்பத்துக்காரர், என்னைவிட இரண்டு மூன்று வயது மூத்தவர். அண்ணன் தம்பியெல்லாம் கடலுக்குப் போகிறவர்கள். இவர் ஒருவர்தான் காக்கிச் சட்டை போட்டவர். காலையில் காரைத் துடைப்பதற்கு அவர் எடுத்துக்கொள்ளும் நேரத்தில் நான் இரண்டு கோப்புகளை முடித்துவிடுவேன். ஸ்டியரிங்குக்கு முன்னால் கண்ணாடியின் அடியில் இருக்கும் டேஷ்போர்டுக்குத் தேங்காயெண்ணெய் போட்டுத் தேய்ப்பார். முகம் பார்த்துத் தலை வாரலாம்.

அந்த வருடம் சித்திரையில் எங்களுக்குப் புது அதிகாரி வந்தார். வடநாட்டுக்காரர், நல்ல மனிதர், அதிகம் பேசமாட்டார். அவர் வந்த வாரத்தில், பக்கத்து அலுவலகத்துக் காரின் டேஷ்போர்டு மேல் ஒரு வெள்ளை டர்க்கித் துண்டு விரித்திருப்பதை நான் பார்த்தேன். அந்த அலுவலகத்து அதிகாரி எங்கள் அதிகாரியைவிடப் பதவியில் ஒரு படி கீழே. அவருடைய காரில் துண்டு, எங்கள் காரில் வெறும் எண்ணெய். அன்றைக்கே குறிப்பு எழுதினேன். 'வெயிலால் டேஷ்போர்டு வெடிப்பதைத் தடுக்கவும், பதவியின் கண்ணியத்தைக் கருதியும், நீலக்கரை போட்ட வெள்ளைத் துண்டு ஒன்று.' கண்ணியத்தைக் கருதி எழுதும் குறிப்பை யாரும் மறுப்பதில்லை. துண்டு வந்தது. டிரைவர் அதை நீலம் போட்டுத் துவைத்து, கஞ்சி போட்டு, கல்யாணப் பந்தி இலை மாதிரி விரித்தார். எனக்குத் திருப்தியாக இருந்தது.

பத்து நாள் கழித்து அதிகாரி நெற்றியில் ஒரு புடைப்போடு அலுவலகத்துக்கு வந்தார். கடற்கரைப் பக்கம் மரங்கள் அடர்ந்த ஒரு தெருவில் திரும்பும்போது, டிரைவர் ஒரு சைக்கிள்காரரைக் கடைசி நொடியில்தான் பார்த்து பிரேக்கை மிதித்திருக்கிறார். சைக்கிளின் பின் மட்கார்டு லேசாக நசுங்கியது. சைக்கிள்காரருக்கு ஒன்றுமில்லை, திட்டுவதற்கு வேண்டிய தெம்போடுதான் இருந்தாராம். டிரைவரைக் கூப்பிட்டு நிறுத்தினேன்.

"என்னப்பா, முன்னாடி சைக்கிள் போறது கண்ணுக்குத் தெரியலையா?"

"தெரிஞ்சிது சார். அப்பறம் தெரியல. அப்பறம் மறுபடியும் தெரிஞ்சிது."

"இந்த மூணுல எதை எழுதிக்கறது?"

"மூணையும் எழுதுங்க சார். மூணும்தான் நடந்துது."

"என்னதான் ஆவுது உனக்கு?"

"வெள்ளையா ஒண்ணு வந்து நிக்குது சார். பனி மூட்டம் கணக்கா. எதுருல நெழலா இருந்தா இன்னும் ஜாஸ்தி."

"பனியா? சித்திரையிலயா?"

அவர் கொஞ்சம் தயங்கினார். "புது ஐயா வந்ததுலேருந்துதான் சார் இப்படி."

"இத என்கிட்ட சொன்னதோட நிறுத்திக்க. வேற எங்கயும் சொல்லிடாத" என்றேன். அவர் சொன்னதில் இருந்த ஒரே உண்மையான துப்பை, மரியாதைக் குறைவு என்று நினைத்து அந்த இடத்திலேயே அமுக்கிவிட்டேன்.

டிரைவருக்குக் கண்ணில் சந்தேகம் வந்தால் மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும் என்பது விதி. படிவத்தில் 'குறையின் தன்மை' என்ற இடத்தில் 'பார்வையில் வெண்மை' என்று எழுதினேன். கண்புரை என்றுதான் எல்லோரும் நினைத்தோம். கண் மருத்துவர் அவரை இருட்டறையில் உட்காரவைத்து எழுத்து அட்டையைக் காட்டியிருக்கிறார். கடைசி வரி வரைக்கும் படித்ததோடு, அட்டையின் அடியில் பொடி எழுத்தில் இருந்த அச்சகத்தின் பெயரையும் படித்துவிட்டாராம். 'பார்வை நன்று' என்று சான்றிதழ் வந்தது. அதன் கீழே, 'நீல நரம்பு ஒன்று தெரிவதாகச் சொல்கிறார், காணப்படவில்லை' என்று ஒரு வரி. அந்த வரியை நான் படித்தேன், சுருக்கொப்பம் போட்டேன், பக்கத்தைத் திருப்பினேன்.

கண் நன்று என்றால் குறை கண்ணாடியில்தான் இருக்க வேண்டும். அலுவலகத்தில் காரணம் என்பது ஒரு நாற்காலியிலிருந்து எழுந்தால் அடுத்த நாற்காலியில்தான் உட்காரும். மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் கார்க் கண்ணாடி மாற்றும் பட்டறை ஒன்று இருந்தது. மூன்று பட்டறைகளின் விலைப்புள்ளி வேண்டும் என்பது விதி, ஆனால் இருந்தது ஒன்றுதான். எப்படியோ மூன்றும் வந்தன, ஒரே கையெழுத்தில். பழைய கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் புதிதாக ஒன்றைப் பொருத்தினார்கள். திரும்பி வந்த டிரைவரிடம் ஆவலோடு கேட்டேன்.

"இப்ப எப்படிப்பா இருக்கு?"

"இதுல நல்லாவே தெரியுது சார்."

"ரோடுதானே?"

"இல்ல சார். வெள்ளை."

எதற்கும் இருக்கட்டும் என்று காரை முழுச் சுத்தமாக வைக்கும்படி ஓர் உத்தரவு போட்டேன். கண்ணாடியை இரண்டு வேளை துடைக்க வேண்டும், துண்டை வாரத்துக்கு ஒருமுறை துவைப்பதற்குப் பதில் இரண்டு முறை துவைக்க வேண்டும். நிலைமை இன்னும் மோசமாயிற்று. ஏன் மோசமாகிறது என்று அந்த வாரம் முழுவதும் யோசித்தேன். என் உத்தரவைத் தவிர மற்ற எல்லாவற்றையும் யோசித்தேன்.

அடுத்தது நேரடி ஆய்வு. பகலில் அதிகாரிக்குக் கார் வேண்டும் என்பதால் மாலை ஐந்தரை மணிக்கு வைத்துக்கொண்டேன். என் பதவிக்குரிய பின் இருக்கையில் உட்கார்ந்து கடற்கரைச் சாலையில் இரண்டு நடை போய் வந்தேன். காற்று நன்றாக இருந்தது.

"எங்கப்பா உன் வெள்ளை?"

"இப்ப இல்ல சார்."

"எப்ப வரும்?"

"வெயில்ல வரும் சார். நீங்க முன்னாடி வந்து உக்காந்தா காட்டறேன்."

முன் இருக்கை பியூனுடையது. கண்காணிப்பாளர் முன்னால் உட்கார்ந்து போனால் ஊர் என்ன நினைக்கும்? 'ஆய்வு நேரத்தில் வெண்மை எதுவும் ஆஜராகவில்லை' என்று அறிக்கை எழுதினேன்.

கண்ணும் சரி, கண்ணாடியும் சரி, சாலையும் சரி. மிச்சம் இருப்பது ஆள்தான். இந்த ஊரில் ஓர் ஆளைச் சந்தேகப்பட அதிக யோசனை தேவையில்லை, எந்தத் தெருவில் நின்றாலும் சாராயக்கடைப் பலகை கண்ணில் படும். எங்கள் பியூன் பிரெஞ்சுக்காரன் காலத்திலேயே வேலைக்குச் சேர்ந்தவர், கொடி மாறிய பிறகும் எல்லோரையும் 'முசியே' என்றுதான் கூப்பிடுவார். அவரை விட்டு டிரைவரின் வாயை மோந்து பார்க்கச் சொன்னேன். இதைச் செய்ததற்கு இன்றைக்கு வெட்கமாக இருக்கிறது. அன்றைக்கு அது நடைமுறையில் ஒரு படி, அவ்வளவுதான்.

"ஊதுப்பா" என்றார் பியூன். டிரைவர் ஊதினார்.

"வெங்காயம் முசியே. பழைய சோத்துக்குக் கடிச்சிருக்கான்."

"வேற?"

"சுறாப் புட்டு வாசன லேசா வருது."

டிரைவர் என்னைப் பார்க்காமல் பியூனிடம் சொன்னார். "மிச்சம் வூட்ல இருக்கு. சாருக்கு ருசியும் பாக்கணும்னா கொண்டாரேன்."

அதன்பிறகு எழுதுவதற்கு ஒன்றே ஒன்றுதான் பாக்கி இருந்தது. மூன்று டாக்டர்கள் உட்காரும் மருத்துவக் குழுவுக்கு அனுப்பினேன். குழு 'தகுதியில்லை' என்று எழுதிவிட்டால் அவர் டிரைவர் இல்லை. வேலை போகாது, வாயிற்காவலராக மாற்றிவிடுவோம். அவர் துடைத்து வைத்த கார் வெளியே போகும்போது அவரே கேட்டைத் திறந்துவிட வேண்டும். கடிதத்தைக் கையில் கொடுத்தபோது அவர் சத்தம் போடுவார் என்று நினைத்தேன். மெதுவாகத்தான் பேசினார்.

"எங்க குப்பத்துல காரு ஓட்டறவன் நான் ஒருத்தன்தான் சார். கடலுக்கு வரலன்னு எங்கண்ணன் ரெண்டு வருசம் என்னாண்ட பேசல. இப்ப கேட்டாண்ட ஸ்டூல் போட்டு உக்காருன்னா எந்த மூஞ்சிய வச்சிக்கினு தெருவுல நடப்பேன்?" பிறகு, தனக்குத்தானே கேட்டுக்கொள்வதைப் போல, "நெசமாவே கண்ணு போயிடுச்சோ என்னவோ" என்றார்.

அந்தக் கடைசி வார்த்தை எனக்குச் சங்கடமாக இருந்தது. ஆனால் சங்கடத்துக்குப் படிவம் கிடையாது.

குழுவின் முன் அவரோடு அலுவலகத்திலிருந்து ஒரு பொறுப்பாளரும் ஆஜராக வேண்டும். நானே கிளம்பினேன். அதிகாரிக்கு அன்று கார் தேவைப்படவில்லை. காலை பத்தரை மணி, நல்ல வெயில். பின் கதவைத் திறந்தால் உட்கார இடமில்லை. மேட்டுப்பாளையத்தில் கழற்றிய பழைய கண்ணாடி சாக்கில் சுற்றியபடி இருக்கை முழுக்கக் கிடந்தது. கழித்த பொருளைக் கிடங்கில் ஒப்படைத்து ரசீது வாங்கவேண்டும், அதையும் போகிற வழியில் முடித்துவிடலாம் என்று ஏற்றச் சொன்னது நான்தான். அது சரியாமல் பிடித்துக்கொள்ள பியூன் பின்னால் ஓரமாக ஒடுங்கி உட்கார்ந்தார். எனக்கு முன் இருக்கை ஒன்றுதான் மிச்சம். பதினெட்டு வருடச் சேவையில் அந்தக் காரில் முதல் தடவையாக முன்னால் உட்கார்ந்தேன்.

பெரிய வாய்க்கால் ஓரமாக வெட்டவெளியில் போய், மரங்கள் அடர்ந்த ஒரு தெருவுக்குத் திரும்பினோம். எங்கள் மேல் வெயில், எதிரே தெருவுக்குள் இருட்டு நிழல். அப்போது அது வந்தது. கண்ணாடியின் கீழ்ப்பாதியில் வெள்ளையாக, மெல்லிசாக, ஆனால் தெருவை மறைக்கும் அளவுக்கு. அதன் நடுவிலிருந்து ஒரு ரிக்‌ஷாக்காரர் திடீரென்று வெளியே வந்தார். டிரைவர் முன்கூட்டியே வேகத்தைக் குறைத்திருந்ததால் ஒன்றும் ஆகவில்லை.

"வந்துடுச்சு சார்" என்றார், யாரோ விருந்தாளி வந்ததைச் சொல்வதைப் போல.

நானும் குருடாகிவிட்டேனோ என்றுதான் முதலில் தோன்றியது. கண்ணைத் தேய்த்துக்கொண்டு மறுபடி பார்த்தேன். வெள்ளையின் ஓரத்தில் நீலமாக ஒரு கோடு ஓடியது. அந்த நீலக் கோட்டை எனக்குத் தெரியும். அது என் குறிப்பில் இருந்தது.

கையை நீட்டித் துண்டை இழுத்தேன். வெள்ளை போய்விட்டது. எதிரே தெரு, தெருவில் ஒரு ஆடு, ஆட்டின் வாயில் ஒரு சுவரொட்டி, எல்லாம் துல்லியமாகத் தெரிந்தன. துண்டை மறுபடி விரித்தேன். ஆடு மங்கிப்போயிற்று.

"என்ன சார் பண்றீங்க?"

"வண்டிய ஓரமா நிறுத்து."

நடுத்தெருவில் ஒரு கண்காணிப்பாளர் துண்டை விரிப்பதும் எடுப்பதுமாக இருந்ததை இரண்டு மூன்று பேர் நின்று பார்த்தார்கள். பின்னால் கண்ணாடியைக் கட்டிப்பிடித்தபடி இருந்த பியூன் சாவகாசமாகச் சொன்னார்.

"அதுவா முசியே? அது எப்பவும் இருக்கறதுதானே."

"உனக்குத் தெரியுமா?"

"தெனம் முன்னாடி உக்கார்றனே, தெரியாதா? துண்டு போட்டதுலேருந்து இருக்கு. காரு கண்ணாடின்னா அப்படித்தான் போலன்னு இருந்தேன்."

"ஏன்யா சொல்லல?"

"என்னை வாயத்தான மோந்து பாக்கச் சொன்னீங்க."

எழுபது பக்கக் கோப்பில் பியூனைக் கேட்பதற்கு ஒரு படிவம்கூட இல்லை. டிரைவர் எங்கள் இருவரையும் பார்க்கவில்லை. நான் மடியில் மடித்து வைத்திருந்த துண்டையே பார்த்துக்கொண்டிருந்தார். தன் கையால் நீலம் போட்டுத் துவைத்தது.

அனுப்பிய கடிதத்தை அதிகாரியின் உத்தரவு இல்லாமல் திரும்பப் பெற முடியாது என்பதால் குழுவின் முன் போய்த்தான் ஆகவேண்டியிருந்தது. மூன்று டாக்டர்களும் அவரைப் பார்த்தார்கள். மூவருமே 'பார்வை நன்று' என்றார்கள். "பின்னே எதற்கு அனுப்பினீர்கள்?" என்று ஒருவர் என்னைக் கேட்டார். துண்டு என்று சொல்ல நாக்கு எழவில்லை. "காரணம் பரிசீலனையில் இருக்கிறது" என்றேன்.

அதிகாரியிடம் மறைக்க முடியவில்லை, சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "துண்டின் நிறத்தை மாற்றிவிடுங்களேன்" என்றார். வடக்கத்திக்காரர், அவருக்கு எப்படித் தெரியும்? எங்கள் ஊரில் தோளில் கிடக்கும் துண்டின் நிறத்தைப் பார்த்துவிட்டுத்தான் ஒருவரோடு என்ன பேசலாம் என்று முடிவு செய்வோம். கறுப்புப் போட்டால் அது ஒரு கட்சி. சிவப்பு இன்னொன்று. மஞ்சள் போட்டால் அதற்கும் ஒரு அர்த்தம் கற்பிப்பார்கள். அரசுக் காரில் எதை விரித்தாலும் மறுநாள் யாராவது மனுவோடு வருவார்கள். துண்டே வேண்டாம் என்று எடுத்துவிட்டால், எண்ணெய் போட்ட டேஷ்போர்டு தன் பங்குக்குப் பளபளத்தது. இரண்டு நாள் குழம்பினேன். கடைசியில் கூட்ட அறை மேசையில் விரித்திருந்த பழைய கரும்பச்சைக் கம்பளித் துணி கண்ணில் பட்டது. வெயிலில் வைத்தாலும் விளக்கில் வைத்தாலும் மினுங்காத துணி. எந்தக் கட்சியும் மேசை விரிப்பை இதுவரை சொந்தம் கொண்டாடியதில்லை. கிழிந்த ஓரத்தை வெட்டி டேஷ்போர்டில் போட்டோம், எண்ணெய்க்கும் தடை போட்டேன். கூச்சம் அன்றோடு நின்றது. கோப்பையும் மூடினேன், 'டிரைவர் தகுதியானவர், குறை துண்டினுடையது, துண்டு என்னுடையது' என்று எழுதி. அந்தக் கடைசி இரண்டு வார்த்தைகளை எழுத எனக்கு ஒரு முழு மதியம் ஆயிற்று.

அத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். மறுநாள் காலை டிரைவர் என் மேசையில் ஒரு மனுவை வைத்தார். மனு எழுதுபவரிடம் கொடுத்து எழுதி வாங்கியது. தன் பார்வையில் தனக்கு நம்பிக்கை இல்லாததால், தன்னை டிரைவர் பணியிலிருந்து விடுவித்து வாயிற்காவலராக நியமிக்கும்படி கேட்டிருந்தார்.

"அதான் கண்ணு நல்லா இருக்குன்னு எழுதிட்டாங்களே!"

"மொதல்ல கண்ணுன்னீங்க. அப்பறம் கண்ணாடின்னீங்க. அப்பறம் வாய மோந்தீங்க. இப்ப துண்டுன்றீங்க. நாளைக்கு இன்னொண்ணு சொல்லுவீங்க சார். நேத்து தெரு காலியாத்தான் இருந்துது, நான் பிரேக்குப் போட்டேன். ஒண்ணுமே இல்லாத எடத்துக்கு. நாளைக்கு ஏதாவது இருக்கற எடத்துக்குப் போடலன்னா?"

மனு வந்தால் அன்றே முத்திரை குத்தி மேலே அனுப்ப வேண்டும். ஊழியரே விருப்பத்தோடு கேட்பதால் ஒரே கையெழுத்தில் முடிந்துவிடும். பதினெட்டு வருடத்தில் நான் ஒரு காகிதத்தைக்கூட நிறுத்தி வைத்ததில்லை. அதை எடுத்துக்கொண்டு நேராகக் காருக்குப் போனேன். டேஷ்போர்டின் சின்னப் பெட்டிக்குள் போட்டு மூடினேன், முன் இருக்கையில் உட்கார்ந்தேன். "எடு வண்டிய" என்றேன்.

அன்றிலிருந்து தினமும் காலையில் அதிகாரியை அழைத்துவரப் போகும்போது நானும் முன்னால் போனேன். பியூன் பின் இருக்கையில் கால்மேல் கால் போட்டு வந்தார். வழியில் சல்யூட் அடித்த போலீஸ்காரர்களுக்கெல்லாம் தலையசைத்தார். நான் டேஷ்போர்டு மேல் கவிழ்ந்தபடி டிரைவரைக் கேட்டுக்கொண்டே வருவேன்.

"எதிர்ல என்ன?"

"மாடு சார்."

"நிறம்?"

"செவலை."

"அதுக்குப் பின்னாடி?"

"கொடத்தத் தூக்கினு ஒரு அம்மா. இதுக்குமேல கேட்டா அந்தம்மா பேரையும் சொல்லுவேன் சார்."

முதல் வாரம் இரண்டு முறை வெறும் தெருவுக்கு பிரேக் போட்டார். இரண்டாவது வாரம் ஒரு முறை. நான் செய்வது சரியா என்று எனக்குத் தெரியவில்லை. அவர் யாரையாவது இடித்துவிட்டால், அந்த மனுவை நிறுத்தி வைத்தவன் நான். எந்த விதிப்படி நிறுத்தினாய் என்று கேட்டால் சொல்வதற்கு என்னிடம் எதுவும் இல்லை. தினமும் வீட்டுக்குப் போய் விதிப்புத்தகத்தைப் புரட்டினேன். முன் இருக்கையைப் பற்றி அதில் ஒரு வார்த்தையும் இல்லை.

மூன்றாவது வாரம் ஒருநாள், அதே மரத்தடித் தெருவில் திரும்பும்போது அவர் சட்டென்று காரை ஓரம் கட்டினார்.

"என்னப்பா? மறுபடியும் வந்துடுச்சா?"

"வந்துடுச்சு சார்."

எட்டிப் பார்த்தேன். உண்மைதான், கண்ணாடியில் வெள்ளையாக ஒன்று நின்றது.

"நீங்க பின்னாடி போயி உக்காருங்க" என்றார். "உங்க சட்டைதான் அது. இந்த நீலத்தப் போட்டு வெளுத்துப் போட்டுனு இப்படிக் கவுந்துக்கினு வந்தா, ரோடு எங்க தெரியும்?"

குனிந்து என் சட்டையைப் பார்த்தேன். நிமிர்ந்து சாய்ந்தேன், வெள்ளை போய்விட்டது. அவர் சொல்வது சரி. எனக்கு முன்பே அவர் கண்டுபிடித்திருந்தார். கதவைத் திறந்து இறங்கினேன். பியூன் அரை மனதோடு முன்னால் மாறினார். நான் பின் இருக்கையில் உட்கார்ந்ததும், டிரைவர் சின்னப் பெட்டியைத் திறந்து அந்த மனுவை எடுத்துப் பின்பக்கமாக நீட்டினார். அது அங்கே இருப்பது அவருக்கு முதல் நாளிலிருந்தே தெரிந்திருக்கிறது.

"இதையும் எடுத்துக்கங்க சார். அடிக்கடி தொறந்தா வெள்ளைக் காயிதம் கண்ணாடில அடிக்கும்."

அவர் ஓய்வு பெறும் வரை அந்தக் காரை அவர்தான் ஓட்டினார். மனு என்னிடம் இருக்கிறது. வாங்கியதாகப் பதிவில்லை, நிராகரித்ததாகவும் இல்லை, திரும்பக் கொடுத்ததாகவும் இல்லை. எந்தக் கோப்பில் சேர்க்க வேண்டிய காகிதம் இது என்று இத்தனை வருடமாக யோசிக்கிறேன், விளங்கவில்லை. விதிப்புத்தகத்துக்கு நடுவில் வைத்திருக்கிறேன். எந்தப் பக்கம் என்று மட்டும் எனக்கு நினைவில்லை.